கடிக்காமலே காக்கும் பாம்பு

(சீட்டு விளையாட்டு ஆர்வலர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் 'மேஜிக்: தி கேதரிங்' ஆடுகிறவர்கள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. பின்வரிசையில் இருப்பவர்கள் அந்தச் சீட்டுகளுக்குக் காசு கொடுக்கும் பெற்றோர். முன்வரிசைக்காரர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்தவர்களுக்கு விளையாட்டு என்னவென்று நான்கு வரி சொல்லிவிட்டு உங்களிடம் வருகிறேன்.

மேஜிக் 1993 ஆகஸ்டில் அமெரிக்காவில் வெளிவந்தது. உருவாக்கியவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட். கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். வெளியிட்டது விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம். ஆடுகிற இருவரும் மந்திரவாதிகள். ஆளுக்கு 20 உயிர்ப்புள்ளி. நிலச் சீட்டுகளிலிருந்து மேனா என்னும் மந்திரச் சக்தியை எடுத்து, அதைச் செலவழித்துப் பிராணிகளைக் களத்தில் இறக்குவார்கள். ஒவ்வொரு பிராணிச் சீட்டின் மூலையிலும் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் அது கொடுக்கும் அடி, இரண்டாவது எண் அது தாங்கும் அடி. எதிராளியின் 20 புள்ளியையும் கரைத்தவர் ஜெயித்தார்.

இன்றைய பேச்சு முழுவதும் ஒரே ஒரு விதியின்மேல் நிற்கிறது. மேஜிக்கில் தாக்குகிறவர், "உன்னுடைய இந்தப் பிராணியை அடிக்கிறேன்" என்று சொல்ல முடியாது. அவருடைய பிராணிகள் உங்களை நோக்கி வருகின்றன, அவ்வளவுதான். வருகிறதை யார் மறிப்பது, மறிப்பதா வேண்டாமா என்பதெல்லாம் தற்காக்கிறவர் எடுக்கும் முடிவு. தாக்க வருபவருக்கு நேரம் சொந்தம். எதிர்கொள்ளும் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்குச் சொந்தம்.

இப்போது ஒரு எலியைக் காட்டுகிறேன். பெயர் டைஃபாய்ட் ராட்ஸ். 2011இல் வந்த இன்னிஸ்ட்ராட் தொகுப்புச் சீட்டு. விலை ஒரே ஒரு கறுப்பு மேனா. அடி 1, தாங்குவது 1. களத்தில் இதைவிட நோஞ்சான் கிடையாது. ஆனால் இதற்கு டெத்டச் என்ற குணம் உண்டு. டெத்டச் உள்ள பிராணி இன்னொரு பிராணிக்கு ஒரு புள்ளி சேதம் செய்தாலே போதும், அடிபட்டது எவ்வளவு பெரிதானாலும் செத்துவிடும். எதிராளி 6 மேனா செலவழித்து, அடி 6 தாங்குவது 6 என்று ஒரு மகா ராட்சசனை இறக்குகிறார் என்று வையுங்கள். அதை அனுப்பினால் எலி குறுக்கே வந்து நிற்கும். இரண்டும் சாகும். 6 மேனாவுக்கு ஒரு மேனா என்ற கணக்கில் அவர் நஷ்டப்படுவார். அது அவருக்கும் தெரியும். அதனால் அனுப்பமாட்டார்.

அடுத்த சுற்றிலும் அனுப்பமாட்டார். அதற்கடுத்த சுற்றிலும் உங்கள் எலியைப் பார்ப்பார், தன் ராட்சசனைப் பார்ப்பார், கையிலிருக்கும் சீட்டுகளைப் புரட்டிப் பார்ப்பார், "சரி, உன் முறை" என்பார். மூன்று சுற்றில் உங்களுக்கு வரவேண்டிய 18 புள்ளிச் சேதம் வரவில்லை. எலி என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை. ஆட்டம் முடிந்தபின் யாராவது உங்களிடம் "எந்தச் சீட்டு உன்னைக் காப்பாற்றியது?" என்று கேட்டால் எலியின் பெயர் உங்கள் வாயில் வராது. ராட்சசனைக் கொன்ற மந்திரத்தைச் சொல்வீர்கள், கடைசி அடி அடித்த டிராகனைச் சொல்வீர்கள். நடக்காமல் போன சேதத்துக்கு யாரும் கணக்கு வைப்பதில்லை.

நம் தெருக்களில் "நாய்கள் ஜாக்கிரதை" என்று பலகை மாட்டிய வீடுகள் எத்தனை இருக்கின்றன! அந்த நாய் யாரையாவது கடித்துப் பார்த்திருக்கிறீர்களா? கடிக்காத வரையில்தான் அதற்கு வேலை ஒழுங்காக நடக்கிறது என்று பொருள். இந்த எலியும் அப்படித்தான்.

இனி முன்வரிசைக்காரர்களுக்கு. புதிதாக ஆடுகிறவர்கள் டெத்டச் சீட்டு கையில் வந்ததும் செய்வது என்ன? "தொட்டால் சாவு" என்று படித்தவுடன் ரத்தம் சூடாகி, அதைத் தாக்க அனுப்புகிறார்கள். இதில் இரண்டு இழப்பு. தாக்கப் போகிற சீட்டைப் பக்கவாட்டில் திருப்பி வைக்க வேண்டும். திருப்பிய சீட்டு எதிராளியின் முறை வரும்போது மறிக்க முடியாது. ஆக, காவல்காரன் ஊர்சுற்றப் போன வீடாகிறது உங்கள் களம். அடுத்த இழப்பு இதைவிடப் பெரியது. நான் முதலில் சொன்ன தேர்ந்தெடுக்கும் உரிமை இப்போது எதிராளி கைக்குப் போய்விடுகிறது. அவர் ராட்சசனைக் கொண்டு எலியை மறிக்கப் போவதில்லை. கிழடு தட்டிய ஒரு குட்டிப் பிராணியை அனுப்பி எலியோடு சேர்த்துச் சாகவிடுவார். அல்லது மறிக்கவே மாட்டார். ஒரு புள்ளி போனால் போகட்டும் என்று வாங்கிக்கொண்டு, உங்கள் காவலில்லாத களத்துக்குள் 6 புள்ளியோடு திரும்பி வருவார்.

தொட்டதைக் கொல்லும் இந்த விஷத்தைத் தாக்குதலிலும் லாபமாகப் பயன்படுத்த வழி உண்டு. ஆனால் அதற்கு எதிராளியின் தேர்வைப் பிடுங்க வேண்டும். மேஜிக்கின் முதல் தொகுப்பிலேயே திக்கெட் பாசிலிஸ்க் என்று ஒரு பிராணி இருந்தது. டெத்டச் என்ற பெயர் அப்போது கிடையாது. அந்தப் பெயர் 2007இல்தான் வந்தது. பாசிலிஸ்கோடு மோதிய பிராணி, மதில் வகையாக இல்லாவிட்டால், சண்டை முடிவில் அழியும் என்று சீட்டில் நீளமாக எழுதியிருந்தார்கள். அதே தொகுப்பில் லூர் என்று ஒரு மந்திரம். அதை எந்தப் பிராணிமேல் போடுகிறோமோ அதை மறிக்கக்கூடிய எல்லாப் பிராணிகளும் மறித்தே தீர வேண்டும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் எதிராளியின் படை முழுவதும் பாசிலிஸ்க் வாயில் வரிசையாக வந்து விழும். பழைய ஆட்டக்காரர்கள் இன்றும் கண் மின்னச் சொல்லும் ஜோடி இது. கவனியுங்கள், அங்கேயும் விஷம் தனியாக வேலை செய்யவில்லை. யார் யாரோடு மோதுவது என்ற முடிவு யார் கையில் என்பதே அங்கேயும் கேள்வி.

இதற்கு நேர்மாறான சான்று ஹார்த்ஸ்டோன். 2014இல் பிளிசார்ட் வெளியிட்ட கணினிச் சீட்டாட்டம். அதில் எம்பரர் கோப்ரா என்றொரு பாம்பு உண்டு. 3 மேனா, அடி 2, தாங்குவது 3, தொட்டதைக் கொல்லும். பின்னால் 2017இல் இந்தக் குணத்துக்குப் பாய்சனஸ் என்று தனிப்பெயரே வைத்தார்கள். ஆனால் ஹார்த்ஸ்டோனில் யாரை அடிப்பது என்று தேர்ந்தெடுப்பவர் தாக்குகிறவர். உங்கள் பாம்பு காவலுக்கு உட்கார்ந்தால், எதிராளி ஒரு குஞ்சைக் கொண்டுவந்து அதன்மேல் மோதவிட்டு, பெரிய பிராணியை உங்கள் முகத்துக்கு அனுப்புவார். அதே விஷம், அதே பாம்பு. ஒரு விதி மாறியதும் காவல் போய்விட்டது. ஹார்த்ஸ்டோனிலிருந்து மேஜிக்குக்கு வருகிற பிள்ளைகள் விஷப் பிராணியைத் தாக்க அனுப்பிவிடுவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அங்கே அது சரியான பழக்கம்.

மேஜிக்கில் விஷம் என்றால் டெத்டச் மட்டும்தானா என்று ஆடுகிறவர்கள் கேட்பீர்கள். கிடையாது. பெயரிலேயே விஷம் உள்ள இன்னொரு ஏற்பாடும் உண்டு. 1994 லெஜெண்ட்ஸ் தொகுப்பில் பிட் ஸ்கார்ப்பியன் என்ற தேள் வந்தது. அது ஓர் ஆட்டக்காரரை அடித்தால் அவர்மேல் ஒரு விஷப்புள்ளி ஏறும். 10 விஷப்புள்ளி ஏறியவர், உயிர்ப்புள்ளி எவ்வளவு மிச்சமிருந்தாலும் தோற்றார். கேட்கப் பயமாக இருக்கிறது. ஆனால் அந்தத் தேள் காவலுக்கு உதவாது. மறித்து நின்றால் அது அடிப்பது பிராணியை, ஆட்டக்காரரை அல்ல; விஷமும் ஏறாது. அந்தக் கால விஷப் பிராணிகள் பெரும்பாலும் இப்படி முன்னால் போய்க் கடிக்க வேண்டிய சாதிகள். மெதுவானவை, மெலிந்தவை. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அவை நின்றுபோயின. அடுத்த விஷச் சீட்டு வருவதற்குள் ஏறத்தாழ பத்தாண்டு ஓடிவிட்டது.

2010 அக்டோபரில் ஸ்கார்ஸ் ஆஃப் மிரடின் தொகுப்பு வந்தபோது வடிவமைப்பாளர் மார்க் ரோஸ்வாட்டரும் அவருடைய குழுவும் விஷத்தைப் புது உருவில் கொண்டுவந்தார்கள். இன்ஃபெக்ட் என்பது அதன் பெயர். இன்ஃபெக்ட் உள்ள பிராணி ஆட்டக்காரரை அடித்தால் விஷப்புள்ளி; பிராணியை அடித்தால், சேதத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் இரண்டு எண்ணிலும் நிரந்தரமாக ஒவ்வொன்று குறையும். மற்ற காயங்கள் முறை முடிந்ததும் ஆறிவிடும். இந்தக் காயம் ஆறாது. காவலுக்கு நிற்கும் சீட்டுக்கு இது என்ன கொடுக்கிறது என்று பார்க்க, அந்தத் தொகுப்பிலேயே உள்ள பிளைட் மாம்பாவை எடுத்துக்கொள்ளலாம்.

பிளைட் மாம்பா 2 மேனாப் பாம்பு. அடி 1, தாங்குவது 1, இன்ஃபெக்ட் உண்டு. கூடவே, இன்னும் 2 மேனா கொடுத்தால் சாக வேண்டிய நேரத்தில் சாகாமல் மீண்டுவிடும். எதிராளியின் 6க்கு 6 ராட்சசன் வருகிறான். பாம்பு மறிக்கிறது. சேதம் விழுவதற்குள் நீங்கள் 2 மேனா கட்டிவிடுகிறீர்கள். ராட்சசனால் பாம்பைக் கொல்ல முடியவில்லை, பாம்பு அவனை 5க்கு 5 ஆக்கிவிட்டது. மறுபடி வந்தால் 4க்கு 4. இது எலியைப் போல ஒரே அடியில் கணக்கை முடிப்பதில்லை. வந்தவன் ஒவ்வொரு தடவையும் இளைத்துத் திரும்புகிறான். ஆனால் இதற்கு ஒரு வாடகை உண்டு. எதிராளியின் ஒவ்வொரு முறையிலும் உங்களுடைய 2 மேனாவை செலவழிக்காமல் ஒதுக்கி வைக்க வேண்டும். ஆட்டத்தின் தொடக்கத்தில் 4 நிலம் மட்டும் இருக்கும்போது அதில் பாதியைப் பாம்புக்குப் படியளந்துகொண்டிருந்தால் உங்கள் சொந்த வளர்ச்சி நின்றுபோகும். எலி கூலி கேட்காத காவல். மாம்பா கூலி கேட்கும், ஆனால் திரும்பத் திரும்ப நிற்கும். ஒரு நுணுக்கம்: அழிக்க முடியாதது என்று எழுதப்பட்ட பிராணிகளை டெத்டச் ஒன்றும் செய்யாது. இன்ஃபெக்ட் அவற்றையும் தேய்க்கும். தாங்கும் எண் பூஜ்யமானால் அது அழிப்பு என்ற கணக்கிலேயே வராது, நேரே இடுகாட்டுக்குப் போகும்.

சரி, எலியும் பாம்பும் இருக்கட்டும். பயமுறுத்துதல் எப்படி வேலை செய்கிறது என்பதை உயிரியல்காரர்கள் நமக்கு முன்பே யோசித்துவிட்டார்கள். சில கம்பளிப்புழுக்கள் ஏன் இவ்வளவு பளிச்சென்று இருக்கின்றன என்று டார்வினுக்கு ஒரு சந்தேகம். பறவைகளில் ஆணின் நிறத்துக்கு இணைதேடலைக் காரணம் சொல்லலாம். புழு இணை தேடுவதில்லையே! இதை அவர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸிடம் கேட்டார். 1867இல் வாலஸ் சொன்ன விளக்கம் அழகானது. அந்தப் புழுக்கள் பறவைகளுக்கு ருசிக்காதவை. ஆனால் பறவை கொத்திப் பார்த்துவிட்டுத் துப்பினாலும் புழுவின் மெல்லிய உடம்பு கிழிந்து அது செத்துப்போகும். கசப்பாக இருப்பதால் மட்டும் அதற்கு லாபமில்லை. கொத்துவதற்கு முன்பே தெரிய வேண்டும். அதற்காகவே அந்த நிறம். பின்னர் ஜான் ஜென்னர் வியர் என்பவர் தம் பறவைக் கூண்டில் புழுக்களை விட்டுப் பார்த்து இதை உறுதி செய்தார்.

நம் எலியின் நிலை இதுவேதான். தாங்குவது 1. ஒரு தடவை மோதினால் எலி போய்விடும். ராட்சசனைக் கொன்றுவிட்டுத்தான் போகிறது என்றாலும், அடுத்த ராட்சசனுக்குக் காவல் இல்லை. எனவே அதன் முழு மதிப்பும் மோதலுக்கு முன்னால் இருக்கிறது. சீக்கிரமே, முதல் இரண்டு சுற்றுக்குள், எதிராளி தன் திட்டத்தைத் தீட்டுவதற்கு முன்னாலேயே அதை இறக்கிவிட வேண்டும். கையில் ஒளித்து வைத்த எலியால் யாரும் பயப்படப் போவதில்லை.

தாமஸ் ஷெல்லிங் என்ற பொருளியலறிஞர் அணு ஆயுதப் போட்டி உச்சத்தில் இருந்த 1960இல் மோதல் உத்தி பற்றி ஒரு நூல் எழுதினார்; 2005இல் நோபல் பரிசு பெற்றார். மிரட்டல் வெற்றி பெற்றால் அதை நிறைவேற்ற வேண்டிய தேவையே இருக்காது என்பது அவருடைய வாதத்தின் ஒரு முக்கியக் கண்ணி. அணுகுண்டையும் எலியையும் ஒரே தட்டில் வைக்கிறேனே என்று பெற்றோர் பக்கம் முகம் சுளிப்பது தெரிகிறது. கணக்கு ஒன்று, விளைவுதான் வேறு. சீட்டாட்டத்தில் தோற்றால் மறுபடி கலைத்துப் போடலாம் என்பதால்தான் இதை இங்கே நிம்மதியாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஒளித்து வைக்கவே செய்த விஷச் சீட்டும் உண்டு. ஆம்புஷ் வைப்பர் அப்படி ஒன்று. 2 மேனா, அடி 2, தாங்குவது 1, டெத்டச். இதை எதிராளியின் முறையிலேயே, தாக்க வந்த பிறகு இறக்கலாம். வந்த ராட்சசன் திரும்பிப் போக முடியாது, கதை முடிந்தது. இது பயமுறுத்தும் சீட்டு அல்ல, பொறி. ஆனால் சுவாரசியம் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. மூன்று ஆட்டப் போட்டியில் முதல் ஆட்டத்தில் ஒருமுறை இப்படி மாட்டிக்கொண்டவர், இரண்டாம் ஆட்டத்தில் உங்களிடம் வைப்பருக்குத் தேவையான இரண்டு மேனா செலவாகாமல் இருந்தாலே தயங்குவார். உங்கள் கையில் பாம்பே இல்லாமல் இருக்கலாம். இயற்கையியலாளர் ஹென்றி வால்டர் பேட்ஸ் அமேசான் காடுகளில் பார்த்த பட்டாம்பூச்சிகள் இதைத்தான் செய்தன: கசப்பே இல்லாத இனங்கள் கசப்பான இனங்களின் உடையைப் போட்டுக்கொண்டு திரிந்தன. பேட்ஸ் சொன்னதில் ஒரு நிபந்தனை அடங்கியிருக்கிறது. நிஜமான கசப்பு பக்கத்தில் எங்கேயாவது இருந்தால்தான் போலிக்கு வாழ்வு. பாம்பைக் காட்டாமலே மிரட்டுகிறவரை நான்காவது தடவை யாரும் நம்பமாட்டார்கள்.

இந்தக் காவல் எங்கே உடையும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதல் ஓட்டை வானம். பறக்கும் பிராணியை எலி மறிக்க முடியாது. அதற்கு டெட்லி ரெக்லூஸ் என்ற சிலந்தி இருக்கிறது. 2 மேனா, டெத்டச்சும் உண்டு, பறப்பதை எட்டிப் பிடிக்கவும் முடியும். இரண்டாவது, முந்தியடிக்கும் குணமுள்ள பிராணிகள். அவை அடித்த பிறகுதான் மற்றவை அடிக்க முடியும் என்பதால் எலி பல்லைக் காட்டுவதற்குள் செத்துவிடும். முந்தியடிப்பும் டெத்டச்சும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு கிளிஸ்ஸா, தி டிரெய்ட்டர் சீட்டைப் பாருங்கள். அவளை எதிர்கொண்டு மீள்வது அபூர்வம். மூன்றாவது, மிதித்துக்கொண்டு வரும் பிராணி. 6க்கு 6 யானை மிதித்து வந்தால் எலிக்கு 1 போக மீதி 5 உங்கள்மேல் விழும். யானை சாகும்தான்; ஆனால் உங்களிடம் 5 புள்ளியே இருந்திருந்தால் அந்தச் சாவைப் பார்க்க நீங்கள் இருக்கமாட்டீர்கள்.

நான்காவது ஓட்டைதான் பெரியது: கூட்டம். எதிராளி ராட்சசனை நம்பாமல் எட்டுக் குட்டிச் சாத்தான்களை இறக்கியிருந்தால் உங்கள் எலி எதை மிரட்டும்? ஒன்றை மறிக்கும், ஏழு உள்ளே வரும். செத்த ஒன்றும் ஒரு மேனாகூடப் பெறாதது. விஷம் பெரியவர்களுக்கு எதிரான ஆயுதம். சின்னவர்களுக்கு எதிராக அது வெறும் பல். இப்படிக் குட்டிச் சாத்தான் படையோடு வருகிறவர் எதிரே உட்கார்ந்தால், அடுத்த ஆட்டத்துக்கு எலியை மாற்றுச் சீட்டுகளோடு வைத்துவிட்டு, களத்தையே ஒரேயடியாகத் துடைக்கும் மந்திரம் எதையாவது உள்ளே கொண்டுவாருங்கள்.

மந்திரத்தால் எலியைக் கொல்வது ஒன்றும் கஷ்டமில்லை. ஷாக் என்ற ஒரு மேனா மந்திரம் 2 புள்ளி சேதம் செய்யும். எலிக்கு அது அதிகம். ஆனால் இதை நான் தோல்வியாக நினைப்பதில்லை. உங்கள் நல்ல பிராணிக்காக அவர் வைத்திருந்த மந்திரம் எலிக்குச் செலவானது. இந்தக் கணக்கை இன்னும் நேர்த்தியாக்கியது பேல்ஃபுல் ஸ்ட்ரிக்ஸ் என்ற ஆந்தைச் சீட்டு. 2 மேனா, பறக்கும், டெத்டச் உண்டு, களத்தில் இறங்கும்போதே உங்களுக்கு ஒரு சீட்டு எடுத்துக் கொடுத்துவிடும். அடுத்த நொடி அதைக் கொன்றாலும் உங்கள் முதல் திரும்பிவிட்டது. கொல்லாமல் விட்டால் தரையிலும் வானத்திலும் காவல்.

இன்னொரு சீட்டை விட்டுவிட்டால் இந்தத் தலைப்புக்குத் துரோகம். ஹார்னெட் நெஸ்ட், 2014. குளவிக்கூடு. 3 மேனா, அடி பூஜ்யம், தாங்குவது 2. தாக்கப் போகவே முடியாது என்று சீட்டிலேயே எழுதியிருக்கிறது. அதற்கு எத்தனை புள்ளி சேதம் விழுகிறதோ அத்தனை குளவிகள் வெளியே வரும். ஒவ்வொன்றும் பறக்கும், ஒவ்வொன்றுக்கும் டெத்டச். 5க்கு 5 ஒன்று வந்து மோதினால் கூடு உடையும், 5 குளவி எழும். எதிராளியின் பலமே அவருக்கு எதிரான எண்ணிக்கையாகிவிடுகிறது. சேதமே செய்யாமல் அப்படியே அழிக்கும் மந்திரம் வைத்திருப்பவர் மட்டும் சிரித்துக்கொண்டே இதைக் கடந்து போவார். வடிவமைப்பு என்று பார்த்தால் இதைவிடத் தூய காவல் விஷம் நான் பார்க்கவில்லை. தாக்கும் ஆசையையே ஆடுகிறவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள்.

இதுவரை எதிரே ஒருவர் என்று வைத்துப் பேசினேன். கமாண்டர் என்ற முறையில் பொதுவாக நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கு 100 சீட்டும் 40 உயிர்ப்புள்ளியும் வைத்து ஆடுகிறார்கள். அங்கே எலியின் மதிப்பு பல மடங்கு கூடுகிறது. ஏனென்றால் தாக்க நினைப்பவருக்கு வேறு வீடுகள் இருக்கின்றன. உங்கள் வாசலில் எலி, பக்கத்து வீட்டில் ஒன்றுமில்லை என்றால் ராட்சசன் எங்கே போவான்? பலர் ஆடும் ஆட்டங்களைப் பற்றி எழுதிய அந்தோணி அலோஞ்சி, சீட்டுகளின் குணங்களை விலங்குகளின் பெயரால் வகைப்படுத்தினார். எல்லோருக்கும் தெரியும்படி எச்சரிக்கிறவற்றுக்கு அவர் வைத்த பெயர் கிலுகிலுப்பைப் பாம்பு. ஒளிந்திருந்து பிடிப்பவை சிலந்தி. வைப்பர் பாம்பாக இருந்தும் இந்தக் கணக்கில் சிலந்தியாகிவிடுகிறது. நால்வர் ஆட்டத்தில் சேதம் காணாமல் போவதில்லை, அடுத்தவர் தலைக்கு மாறுகிறது என்பதை மட்டும் மறக்காதீர்கள். உங்கள் எலியால் அடிவாங்கிய பக்கத்து வீட்டுக்காரர் கடைசியில் உங்களோடு கூட்டுச்சேரப் போவதில்லை.

கடைசியாக ஒரு வேறு வகை எதிரி. ஸ்லே த ஸ்பயர் என்ற கணினி விளையாட்டு, 2019இல் முழுமையாக வெளிவந்தது. ஒருவர் மட்டும் ஆடுவது, எதிரே கணினி. அதில் சைலன்ட் என்ற பாத்திரம் விஷத்தை நம்பி வாழ்கிறது. எதிரிமேல் 5 விஷம் ஏற்றினால், அவன் முறை தொடங்கும்போது 5 புள்ளி இழப்பான், அடுத்த முறை 4, பிறகு 3, 2, 1, மொத்தம் 15. அவன் கேடயம் எவ்வளவு உயர்த்தினாலும் இது உள்ளே போகும். ஆனால் அந்த எதிரிக்குப் பயம் கிடையாது. அடுத்து என்ன செய்யப் போகிறான் என்பதைத் தலைக்குமேல் படம் போட்டுக் காட்டுகிறான். நீங்கள் என்ன விஷம் வைத்திருந்தாலும் அதைச் செய்வான். நான் எலியைப் பற்றிச் சொன்ன எல்லாமே அங்கே செல்லாக்காசு. மிரட்ட மனம் இல்லாத இடத்தில் விஷத்துக்குக் காலம்தான் பலம்.

அங்கேயும் காவல் விஷம் ஒன்று இருக்கிறது: கிரிப்ளிங் கிளவுட். ஒரு முறைக்குக் கிடைக்கும் 3 சக்தியில் 2 செலவு. எல்லா எதிரிகள்மேலும் 4 விஷம், கூடவே இரண்டு முறைக்குத் தளர்ச்சி. தளர்ந்தவனின் அடி கால்பங்கு குறையும். ஒரு சண்டையில் ஒருமுறைதான் போடலாம். மூன்று எதிரிகள் ஆளுக்கு 8 அடிக்கிறார்கள் என்று வையுங்கள். இந்தச் சீட்டைப் போடாமல் மூன்று சாதாரணத் தடுப்புச் சீட்டு போட்டால் 24இல் 15 தடுத்து 9 வாங்குவீர்கள். போட்டால் அடி 18 ஆகிறது. மிச்சச் சக்தியில் ஒரே தடுப்பு, 5. ஆக 13 வாங்குவீர்கள். முதல் முறையில் நஷ்டம்! பலர் இங்கேயே முகம் சுளித்து இந்தச் சீட்டை ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டாம் முறையில் மூன்று தடுப்பு போட்டால் 18இல் 15 தடுத்து 3 மட்டும். இரண்டு முறைக்கும் சேர்த்துச் சீட்டோடு 16, சீட்டில்லாமல் 18. அதற்குள் ஒவ்வோர் எதிரியும் விஷத்தால் 7 புள்ளி இழந்திருப்பான். மூவருக்கும் சேர்த்து 21. நீங்கள் ஒரு அடிகூட அடிக்கவில்லை. விஷம் எதிரியின் முறைத் தொடக்கத்தில் வேலை செய்வதால், அதற்குச் சாகிறவன் கையை ஓங்குவதற்கு முன்பே சாகிறான். ஒற்றை எதிரியிடம் இதே சீட்டு பாதிப் பயனே தரும். கிரெம்லின் நாப் போன்றவனிடம் எச்சரிக்கை தேவை. தாக்குதல் அல்லாத திறன் சீட்டு ஒவ்வொன்றுக்கும் அவன் பலம் ஏறும், விஷச் சீட்டுகளில் பல அந்த வகை.

கேள்விகளுக்கு நேரம் வேண்டும் என்று அமைப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஆகவே என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். கறுப்பும் நீலமும் சேர்ந்த சீட்டுக்கட்டு உள்ளவர்களுக்கு ஸ்ட்ரிக்ஸுக்கு நிகர் இல்லை. மாம்பா மேனா தாராளமாக உள்ள நீண்ட ஆட்டத்துக்கு மட்டும். குளவிக்கூடு நால்வர் ஆட்டத்தில் தங்கம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் டைஃபாய்ட் ராட்ஸ் வாங்குங்கள். அபூர்வச் சீட்டு அல்ல, பெற்றோருக்கும் செலவு வைக்காது. இரண்டாம் சுற்றுக்குள் இறக்குங்கள், அப்புறம் அதைத் தொடாதீர்கள். எதிராளியிடம் மறிக்க ஒரு பிராணிகூட இல்லை, அவருக்கு மிச்சம் ஒரே ஒரு புள்ளி என்ற நிலை வந்தால் மட்டும் எலியை அனுப்புங்கள்.